கிள்ளானில் கை நனைத்தது

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. பெற்றது நான்கு பேரை, வளர்த்தது ஆறு பேரை. ஆறு பேரும் என் கையால் உருட்டிக் கொடுத்த சோற்றைத் தின்றுதான் ஆளானார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ்ஸில் அருப்புக்கோட்டை என்று எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். அதற்கு மேல் இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி யாழினி எழுதுகிறாள். பேச்சு என்னுடையது. அதற்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டது மட்டும் அவள்.

மலேசியாவுக்குப் போய்விட்டு வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் கடைசி மகன் முத்துக்குமார் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கிள்ளான் என்ற ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். “நீங்க வந்து பாத்து சரின்னு சொன்னாத்தாம்மா” என்றான். அதற்குத்தான் போனேன். போன காரியம் நடுவில் கெட்டுப்போய், அப்புறம் நல்லபடியாக முடிந்தது. இப்போது நெஞ்சு லேசாக இருக்கிறது, சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அங்கே நின்றபோது இந்தச் சிரிப்பு இல்லை.

முத்து குடியிருப்பது பிரிக்ஃபீல்ட்ஸ் என்கிற இடத்தில், மாடி மேல் மாடியாக அடுக்கிய வீட்டில். கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்று நம்பவே முடியவில்லை. கீழே இறங்கினால் பூக்கடை, வெற்றிலைக்கடை, புடவைக்கடை. தலைக்கு மேலே மட்டும் ரயில் ஓடுகிறது. பூக்கட்டும் அம்மா நம் ஊர்ப் பாட்டைப் போட்டுக்கொண்டு, வாங்க வந்த சீனத்தியிடம் மலாயில் விலை சொல்கிறார். மல்லிகைக்கு மணம் கொஞ்சம் குறைச்சல்தான். அதைச் சொல்லாமல் விட முடியாது.

முதல் நாள் காலையில் லிப்டுக்காக நின்றோம். பக்கத்து வீட்டுப் பெண் பளிச்சென்று சிரித்து, “ஆன்டி, பசியாறிட்டீங்களா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “ஏன்டா, நம்மளப் பாத்தா பசியோட அலையிற ஆளு மாதிரியா தெரியுது?” என்று முத்துவைக் கேட்டேன்.

“ஐயோ, காலைச் சாப்பாட்ட இங்க அப்படித்தாம்மா சொல்லுவாங்க. டிபன் ஆச்சான்னு கேக்கறாங்க.”

அன்றைக்கு மட்டும் பூக்கார அம்மா, வாட்ச்மேன், கோயில் ஐயர் என்று எத்தனை பேர் அதையே கேட்டார்கள்! பார்த்தவுடன் வயிற்றை விசாரிக்கிற ஊர் அது. வணக்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.

காலையில் ரொட்டி சானாய் வாங்கித் தந்தான். நம் பரோட்டாவுக்குத் தங்கச்சி முறை. மெலிசாக, பருப்புக் குழம்போடு தருகிறார்கள். தேநீரை நம்மவர்களைப் போலவே உயரத்திலிருந்து ஆற்றி நுரை தள்ளக் கொடுக்கிறார்கள். அதற்கு ‘தே தாரிக்’ என்று பேர். இனிப்பு அதிகம். பரிமாறியவர் முதுகுளத்தூர்க்காரர். என் பேச்சைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “ஆத்தா, நம்ம பக்கம் மழை உண்டா?” என்றார். “கம்மாயில தரை தெரியுதுப்பா” என்றேன். அவர் முகம் வாடிப்போய்விட்டது. பொய்யே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

கிள்ளானுக்குப் போன கதையைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து முறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும் வரை நாங்கள் கை நனைக்க மாட்டோம். சாப்பிட மாட்டோம் என்று அர்த்தம். கை நனைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி. பல பேர் காப்பித் தண்ணியோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அதுவும் தொட மாட்டேன். அதற்குக் காரணம் என் அக்கா.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க எங்கள் அப்பா போனார். பஸ் இல்லாத ஊர். வெயிலில் நடந்து, காது அடைத்துப்போய் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இலையைப் போட்டார்கள். பசி, சாப்பிட்டுவிட்டார். கை கழுவித் திரும்பினபோது மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து நின்றான். வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு வரவில்லை. அவர்கள் உப்பைத் தின்றாகிவிட்டதே. அக்கா அந்த வீட்டில் பட்டது போதும் போதும் என்றாகி, சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவள் விட்டுப்போன இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் நான் ஆறு பேரை வளர்த்தேன்.

அதிலிருந்து, என் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கப் போனால் பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு டப்பா புளிச்சோறும் இருக்கும். பெண் வீட்டுக்காரர்களும் வற்புறுத்த மாட்டார்கள். “முறை தெரிஞ்ச அம்மா” என்பார்கள். அந்தப் பேர் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கிள்ளானுக்கும் அப்படியே கிளம்பினேன்.

முத்து காரில் கூட்டிப்போனான். ஒரு கோயிலுக்குப் பின்னால், வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் துளசி, ஓர் ஓரத்தில் மூடிப்போட்ட சாப்பாட்டுக்கடை. பெண்ணுக்குப் பெயர் புவனா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். தகப்பனார் இல்லை. தாயார் சரோஜா, வீட்டுக்கு முன்னாலேயே காலைக்கடை போட்டு மகளைப் படிக்க வைத்தவர். உள்ளே போனதுமே தெரிந்தது, அந்த அம்மா விடியுமுன்பே எழுந்து வேலை பார்த்திருக்கிறார். மேசையில் இடம் இல்லை. கேசரி, வடை, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, சம்பால் என்கிற காரத் தொக்கில் இறால், கோழிப் பிரட்டல், ரோஸ் நிறத்தில் சர்பத்.

“வாங்கம்மா, உக்காருங்க. மொதல்ல பசியாறுங்க, அப்புறம் பேசலாம்.”

“இருக்கட்டும்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை நகர்த்தினார். “காரம் கம்மியாத்தான் போட்டேன்மா. ஊர்லருந்து வந்தவங்களுக்கு ஒத்துக்கணும்லா.”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

எனக்குப் புவனாவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அலட்டல் இல்லாத பெண். என் முழங்காலைப் பார்த்து, கேட்காமலே உயரமான நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். ஊருக்குப் போய், நாலு பேரிடம் கலந்து, சம்மதம் என்று சொல்லி அனுப்பலாம் என்று மனதுக்குள் முடித்துவிட்டேன். அதை வெளியில் காட்டவில்லை. காட்டுவது முறையில்லை.

மாத்திரை போடுகிற நேரம் வந்தது. புவனா வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் கையால் விலக்கிவிட்டு, பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அவள் டம்ளரோடு அப்படியே நின்றாள். சரோஜா அம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என்ன நினைத்தேன்? முறை தெரிந்தவள் என்று மரியாதையாக அடங்கி இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சுற்றிலும் சீனர்களும் மலாய்க்காரர்களும் இலையில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். நம்மவர் ஒருவர் கரண்டியில் சாப்பிடுகிறார். எனக்கு ஒரே வேடிக்கை. நான் பாகற்காய் வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். முத்து சோற்றைத் தொடவில்லை.

“என்னடா, ஒடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லன்னா சாப்பிடு.”

அப்போதுதான் சொன்னான். “அவங்க வேணாம்னுட்டாங்கம்மா. புவனா ராத்திரி பூரா அழுதிருக்கா. அவங்கம்மா கண்டிசனா சொல்லிட்டாங்களாம், நம்ம வீட்டுத் தண்ணியே ஆகாதவங்க வீட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன்னு.”

“அது முறைடா! நீ சொல்லலியா?”

“எனக்கே தெரியாதும்மா. அண்ணனுக்கு, அக்காவுக்கெல்லாம் பேசறப்ப நான் சின்னப் பெய. என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க?”

சரிதான். கூட்டிப் போனதில்லை.

“அவங்க என்ன நெனச்சாங்க தெரியுமா? நாம என்னமோ ஒசத்தின்னும், அவங்க என்ன ஆளுகளோன்னு பாத்து நீங்க தொடலன்னும் நெனச்சுட்டாங்க.”

இலையில் பாகற்காய் இருந்தது. அப்படியே இலையை மடித்துவிட்டேன். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் கிளம்பும்போது என் கொழுந்தன் விசாரித்துவரச் சொன்னது அதைத்தான். “மத்ததெல்லாம் கெடக்கட்டும் மதினி, என்ன ஆளுக, பூர்வீகம் எந்த ஊருன்னு தெரிஞ்சுட்டு வாங்க.” நான் கேட்கவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் கேட்காத கேள்வியை என் தண்ணீர் பாட்டில் கேட்டுவிட்டதே!

முத்துவுக்கு முப்பத்து நாலு வயது. ஆறு பேரில் எதையும் கேட்டு அடம்பிடிக்காதவன். இந்தப் பெண் ஒருத்தியைத்தான் கேட்டான்.

அடுத்த நாள் காலையில் அவன் வேலைக்குப் போனதும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காப்பிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு என் வாயில் படுகிற முதல் தண்ணீர் அந்த வீட்டுத் தண்ணீராக இருக்கட்டும் என்று நினைத்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டே ரயிலடிக்குப் போனேன். அது ரயிலடியா, திருவிழாக் கூட்டமா! டிக்கெட் கொடுத்த மலாய்ப் பெண்ணிடம் “கிள்ளான், கிள்ளான்” என்றேன். அவள் “கிளாங்?” என்று கேட்டுவிட்டு, சீட்டைக் கொடுத்து, கீழே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். கீழே போனேன். ஒரு ரயில் வந்து நின்றது. ஏறிவிட்டேன். பெண்களுக்கென்று தனிப் பெட்டி, ஜில்லென்று இருந்தது. நம் ஊர் ரயிலில் ஏறினால் இறங்குவதற்குள் எதிரே இருப்பவர் குடும்பமே நமக்குத் தெரிந்துவிடும். அங்கே எல்லாரும் தலையைக் குனிந்து போனைப் பார்க்கிறார்கள்.

ரொம்ப நேரம் கழித்து எதிரே இருந்த பெண் ஒருத்தி தலையைத் தூக்கினாள். நெற்றியில் விபூதி, மடியில் அர்ச்சனைத் தட்டு.

“ஆன்டி, சாமி கும்பிடவா?”

“இல்லத்தா. கிள்ளானுக்கு.”

“கிள்ளானா! ஐயோ ஆன்டி, இது பத்துமலை ட்ரெயின் லா! நீங்க அப்படியே எதிர்ப் பக்கம் வந்துட்டீங்க.”

பேச்சு முடிவில் ஒரு ‘லா’ போடுவது அங்கே வழக்கம். அவள் சொல்லி முடிக்கவில்லை, ரயில் நின்றுவிட்டது. அதுதான் கடைசி ஸ்டேஷன். வெளியே வந்தால் மலை. மலைக்கு முன்னால் பொன்னிறத்தில் வானத்துக்கும் பூமிக்குமாக முருகன் நிற்கிறார். பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்ததுதான், ஆனால் அன்றைக்கு என்னால் கும்பிடக்கூட ஒழுங்காக முடியவில்லை. “அப்பனே, உன்னைப் பாக்க வரல, தப்பா நெனைக்காத, வழி மாறி வந்துட்டேன்” என்று கீழேயிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு குரங்கு என் பையைப் பார்த்துக்கொண்டே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று திறந்து காட்டினேன். நம்பாமல் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனது.

அந்த நேரம் பார்த்து முத்து போன் செய்தான். “எங்கம்மா இருக்கீங்க?”

“பத்துமலையில.”

“பத்துமலையிலயா! யார் கூட?”

“முருகன் கூட. வேலையப் பாருடா, வந்து சொல்றேன்.”

விபூதிக்காரப் பெண் பக்கத்தில் நின்று சிரித்தாள். “வாங்க ஆன்டி, மொதல்ல பசியாறுங்க. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு.” வேண்டாம் தாயி, விரதம் என்றேன். ஒருவகையில் உண்மைதானே. அவள் தன் தரிசனத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்ப ரயிலில் ஏற்றி, போகிற வழியில் இருந்த வேறொரு பெண்ணிடம் ஒப்படைத்தாள். அந்தப் பெண் நடுவில் வண்டி மாற்றிவிட்டாள். இரண்டு பேர் பெயரையும் கேட்க மறந்துபோனேன். முருகன் அவர்களை நல்லா வைக்கட்டும்.

கிள்ளானில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. டாக்சிக்காரர் தமிழ் ஆள். கோயிலுக்குப் பின்னால், சரோஜா அம்மா சாப்பாட்டுக்கடை என்றேன். “நாசி லெமாக் கடை சரோஜாக்காவா? இந்நேரம் முடிஞ்சிருக்குமே ஆன்டி” என்றபடியே கொண்டுபோய் விட்டார். அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுக்குத்தான் அங்கே நாசி லெமாக் என்று பேர். கிள்ளான் என்று பேர் வைத்திருக்கிறார்கள். என்னைத்தான் அந்த ஊர் அந்தக் கிள்ளு கிள்ளிவிட்டது.

கடையில் ஆள் இல்லை. சரோஜா அம்மா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டி நின்றது.  வரும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று நான் கோத்து வைத்திருந்தேன். வாய் திறந்தால் அதில் ஒன்றும் வரவில்லை. தலை சுற்றியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்குப் பசிக்குது. சோறு போடுங்க” என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு சட்டியைச் சுரண்டி, மிச்சம் இருந்த தேங்காய்ப்பால் சோற்றைத் தட்டில் வைத்து, சம்பால் ஊற்றி, பொரித்த நெத்திலி, கடலை, பாதி முட்டை, வெள்ளரிக்காய் எல்லாம் வைத்து என் முன்னால் தள்ளினார். பக்கத்தில் டம்ளரில் தண்ணீர்.

“சாப்பிடுங்க. சாப்பிட்டு முடிங்க. எனக்குப் பேச வேண்டியது இருக்கு. ஆனா பசியோட இருக்கறவங்கள நான் ஏச மாட்டேன்.”

முதலில் தண்ணீரைக் குடித்தேன். அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்தேன். பிறகு சோறு. காரத்தில் சீனி போட்டிருந்தார்கள். நம் ஊரில் யாராவது அப்படிச் செய்தால் சட்டியோடு கொட்டச் சொல்வேன். அன்றைக்குத் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா ஆரம்பித்தார்.

“எங்க பாட்டி பந்திங் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டுனவங்க. எஸ்டேட்ல பெரிய வீட்டுக் கல்யாணம்னா எங்க ஆளுங்களக் கொட்டகைக்கு வெளிய உக்கார வச்சு, செரட்டையில தேத்தண்ணி ஊத்துவாங்களாம். எங்கம்மா அதச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. யாரு வந்தாலும் சாப்பிட வச்சு அனுப்பு, இருக்கறதுல நல்ல டம்ளர்ல குடு. அந்த வெள்ளி டம்ளர் எங்கம்மாவோடது. என் பொண்ணு கையில அத வச்சுக்கிட்டு நிக்கறா, நீங்க இப்படித் தள்ளிவிட்டு உங்க பாட்டில எடுக்கறீங்க. நான் செத்துட்டேன்மா அன்னிக்கு. தெரியுமா உங்களுக்கு?”

எதிர்ப்பேச்சுப் பேசாமல் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லை. பிறகு அப்பா வெயிலில் நடந்து போனதையும், அக்காவையும், அவள் பிள்ளைகளையும் சொன்னேன். அந்த அம்மா துடைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“இத அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?”

“எங்க ஊர்ல இதச் சொல்ல வேண்டியதில்ல. தெரியும்.”

“இது உங்க ஊரு இல்லம்மா.”

 சாப்பிடாமல் இருப்பது எங்கள் ஊரில் ஒரு பேச்சு, இங்கே வேறொரு பேச்சு. அறுபது வருஷமாக அடுப்படியில் நின்றவளுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

“சரி, இப்பக் கை நனைச்சாச்சு. எனக்குச் சம்மதம்” என்றேன்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஓரத்தில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. “ஒரு தட்டு நாசி லெமாக்குக்கு என் பொண்ணா! நல்லாருக்கே கத! உங்களுக்குச் சம்மதம். எனக்கு? நாளைக்கு என் மக உங்க வீட்டுக்கு வந்தா, எங்க உக்கார வச்சு, எப்படிச் சோறு போடுவீங்கன்னு நான் பாக்கணும். நீங்க சமைங்க. நான் வந்து சாப்பிடறேன். அப்புறம் சொல்றேன்.”

ஐந்து பிள்ளைகளுக்கு வரன் பார்த்தவள் நான். எல்லா வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து எடை போட்டது நான்தான். என்னை ஒருவர் எடை போடப் போகிறார் என்றதும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

சனிக்கிழமை வரச் சொன்னேன். முத்துவின் அடுப்படியைப் பார்த்தால் அழுகை வரும். நெருப்பே தெரியாத கண்ணாடி அடுப்பு, ஒரு சட்டி, முனை மழுங்கிய கத்தி. பாத்திரம் வாங்கினோம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கீழேயே கிடைத்தன. முத்து போனில் பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் நானே அரிசியைப் பார்த்து எடுத்தேன். பையில் இங்கிலீஷ் எழுத்து. நமக்கு எழுத்து எதற்கு, அரிசி கண்ணுக்குத் தெரிகிறதே! பச்சரிசி, பால் போல வெள்ளை. மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது.

சாம்பார் கொதித்துவிட்டது. கத்தரிக்காய் வதங்கிவிட்டது. ரசம் நுரை கட்டியதும் இறக்கினேன். வாசனை லிப்டு வரை போனதாக முத்து சொன்னான். சோறு சூடாக இருக்க வேண்டும் என்று கடைசியில் வைத்தேன். மணி அடித்தது. சரோஜா அம்மாவும் புவனாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தேன்.

சோறு இல்லை. போஸ்டர் ஒட்டுகிற பசை இருந்தது. அகப்பையைத் தூக்கினால் பானையும் கூடவே எழுந்து வருகிறது.

அடுப்பு முன்னால் நின்றேன். எத்தனை மூட்டை அரிசி வடித்த கை இது! ஆசையாக ஒன்றே ஒன்றைக் கேட்ட பிள்ளைக்கு இரண்டாம் முறையும் கெடுத்துவிட்டேனே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. சத்தம் காட்டவில்லை. சத்தம் இல்லாததுதான் காட்டிக்கொடுத்தது. சரோஜா அம்மா எட்டிப் பார்த்தார், பானையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஓரத்தில் கிடந்த அரிசிப் பையைப் புரட்டினார்.

“அம்மா, இது சோத்தரிசி இல்ல லா! ஒட்டரிசி. பலகாரம் செய்யறது. இந்த அரிசியப் போயி யாராச்சும் கொழம்புக்கு வடிப்பாங்களா!”

“வெள்ளையா இருந்துச்சே…” என்றேன். 

சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். “வெல்லம் இருக்கா?” வெல்லம் இல்லை, மகனுக்காக நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி இருந்தது. “அது போதும், தட்டிப் போடுங்க. புவனா, கீழ ஓடிப்போயி தேங்காப்பால் பொட்டி ஒண்ணு வாங்கியா. தம்பி, நீங்க கடையில வெள்ளைச்சோறு மட்டும் தாப்பாவ் பண்ணிட்டு வாங்க.” பொட்டலம் கட்டி வாங்குவதற்கு அங்கே அதுதான் பேச்சு.

அந்த அம்மா கிண்டினார். நான் கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றினேன். “போதுமா?” “இன்னும் கொஞ்சம்.” “திகட்டும்மா.” “திகட்டாது, கிண்டுங்க.” ஏலக்காயைப் பல்லால் கடித்து உரித்தேன், அதற்கும் ஒரு ஏச்சு வாங்கினேன். நெய்யில் முந்திரியை வறுத்துக் கொட்டியதும், பசையாக நின்றது பொங்கலாகிவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

தரையில் ஒரே வரிசையாக இலை போட்டேன். சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டில். “நீங்களும் உக்காருங்க” என்றார் அந்த அம்மா. பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். முதல் இனிப்பாக அந்தப் பொங்கலை வைத்தேன். அவர் உடனே கையை வைக்கவில்லை. இலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அந்தக் கை மடியிலிருந்து இலைக்குப் போகிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வீட்டில் எத்தனை தாய்மார் என் கையை இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். “கருப்பட்டி வாசம் நல்லாருக்கு” என்றார். வாங்கிவந்த சோற்றில் சாம்பார், அப்புறம் ரசம், ரசத்தை உள்ளங்கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார்.  மோருக்கு வந்தபோதுதான் முத்துவைப் பார்த்தார்.

“தம்பி, உங்கம்மாவுக்கு இந்த ஊரு அரிசி தெரியல. இனிமே அரிசி வாங்கற வேலைய என் பொண்ணுகிட்ட விட்டுருங்க.”

முத்துவுக்குப் புரையேறியது. புவனா அவன் தலையில் தட்டப் போய், எங்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன், அப்பளம் எடுக்க என்று சொல்லிவிட்டு. அப்பளம் இலையிலேயே இருந்தது.

தை மாதம் கிள்ளானில் கல்யாணம். ஊருக்கு வந்ததும் கொழுந்தன் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். “விசாரிச்சீங்களா மதினி?” “இல்ல. கை நனைச்சுட்டு வந்துட்டேன்” என்றேன். அதற்குமேல் கேட்க அவருக்கு வழியில்லை. முறை என்றால் முறைதானே.

இதை யாழினி போனில் வாசித்துப் பதிந்து சம்பந்தியம்மாவுக்கு அனுப்பப் போகிறாளாம். அனுப்பட்டும். அதற்கு முன்னால் நான் ஒரு தடவை கேட்க வேண்டும். எங்கே தாயி, முதலிலிருந்து வாசி. சரோஜா அம்மா என்னை ஏசிய இடம் வரும்போது குரலைத் தணித்துவிடாதே. அவர் எப்படிச் சொன்னாரோ, அப்படியே வாசி.